பேட் மாற்றியும் முன் பிரேக் கீச்சிடுகிறது, டிஸ்க்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஆறு வருடம் ஆன சின்ன ஹேட்ச்பேக், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் முன் பிரேக் பேட் மாற்றியிருக்கிறீர்கள். ஒரு மாதம் சத்தமில்லை. அப்புறம் காலையில் வண்டியை எடுத்ததும் கீச். இப்போது மத்தியானத்திலும் சிக்னலில் மெதுவாக நிற்கும்போது கீச். சர்வீஸ் சென்டரில் காட்டியதும் இரண்டு டிஸ்க், நான்கு பேட் எல்லாம் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் தஞ்சாவூரில் கல்யாணம். சத்தம் ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்களே தவிர, உங்களை உறுத்துவது வேறு இரண்டு: இந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போகலாமா, அந்த எஸ்டிமேட் நியாயமா. இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன் சத்தத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

அம்பத்தூர் பக்கம் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் உங்களுடையதைப் போன்ற சின்ன கார்கள்தான். விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டிகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்கவும் இல்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கீச் சத்தம் என்பது அதிர்வு. வயலின் வில் தந்தியைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இழுப்பதால்தான் தந்தி பாடுகிறது. பிரேக்கை மிதித்ததும் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின்மேல் உரசும்போதும் அதேதான் நடக்கிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை பிடித்து நழுவுகிறது. டிஸ்க்கோ வட்டமான வார்ப்பிரும்புத் தட்டு, கோயில் சேகண்டி மாதிரி. லேசாகத் தூண்டினாலே போதும், ஊருக்கே கேட்கும். இது இன்று வந்த தொல்லையும் இல்லை. 1902இல் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகத்தோடு உலோகம் உரசி அது போட்ட கூச்சலைத் தாங்க முடியவில்லை. சில வருடம் கழித்துப் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங், அதாவது உரசும் அடுக்கு, ஒட்டிப் பார்த்த பிறகுதான் சத்தம் அடங்கியது. ஆக, கீச் சத்தம் வந்தாலே பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நன்றாகப் பிடிக்கும் பிரேக்கும் கீச்சிடும், சத்தமே போடாத பிரேக்கும் ஒருநாள் பிடிக்காமல் போகும்.

எவ்வளவு சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். காலையில் முதல் நான்கைந்து பிரேக்குக்கு மட்டும் வந்து பிறகு போய்விடுகிறது என்றால், அது டிஸ்க்கின்மேல் ராத்திரியில் படிந்த துரு. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஒரே இரவு போதும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டியில் காலையில் சக்கர இடுக்கு வழியாகப் பார்த்தால் டிஸ்க் காவி பூசினது போல இருக்கும். பேட் அதைத் துடைத்ததும் பளபளவென்று ஆகிவிடும். வண்டி கழுவிய மறுநாளும் இதே கதைதான். இதற்குச் செலவு செய்ய எதுவும் இல்லை. மழை அறிவிப்பு வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம்தான், ஆனால் இரண்டு நாள் மழையில் நனைந்தபடி அசையாமல் நின்ற வண்டி. அதற்கு அடுத்த ஒரு வாரச் சத்தத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது சத்தம் வேறு ரகம். வண்டி சூடான பிறகும் வருகிறது, மெதுவாக மிதித்தால் வருகிறது, அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் பேட் தன் இடத்தில் இறுக்கமாக உட்காராமல் நடுங்குகிறது, அல்லது அதன் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நம் ஊர் டிராஃபிக்கும் இதற்கு உடந்தை. டைடல் பார்க் சிக்னலிலிருந்து பெருங்குடி வரை காலைப் பிரேக்மேலேயே வைத்துக்கொண்டு ஊர்ந்து போகிறோம். பேட் லேசாக உரசிக்கொண்டே சூடாகி, முகம் மினுமினுப்பாகிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது 'ம்ர்ர்' என்று அடித்தொண்டையில் முனகும், அது வேறு. அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதே மெல்லிய கீச் சத்தம் வந்து, மிதித்ததும் மாறினால் அல்லது நின்றால் எச்சரிக்கை வேண்டும். நிறைய பேட்களில் ஒரு சின்ன எஃகுத் தகடு வைத்திருப்பார்கள். லைனிங் தேய்ந்து 2, 3 மி.மீ.க்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். 'என்னை மாற்று' என்று சொல்வதற்காகவே வைத்த சத்தம் அது. மூன்று மாதப் பேடில் இது வரக் கூடாது. வந்தால் ஒரு பக்க பேட் மட்டும் வேகமாகத் தேய்கிறது என்று பொருள். கீச் போய் 'கரகர' என்று அரைக்கிற சத்தமாக மாறிவிட்டால் மட்டும் விவாதமே வேண்டாம். இரும்பும் இரும்பும் உரசுகிறது. வண்டியை அங்கேயே ஓரங்கட்டுங்கள், ஓட்டிக்கொண்டு பட்டறைக்குக் கூட வர வேண்டாம்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லை என்கிறீர்கள். உள்ளே உட்கார்ந்து கேட்டால் எல்லாமே முன்னாலிருந்து வருவது போலத்தான் தோன்றும். நீளமான காம்பவுண்ட் சுவர் ஒன்றை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் மெல்ல மிதியுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும். அதே சுவரை எதிர்த்திசையில் இன்னொரு முறை. எந்தப் பக்கம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் ஆள். அப்புறம் பத்து நிமிடம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அருகில் போதும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேட் விலகாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, நான் ஒரு வண்டியிலும் இதைத் தவிர்ப்பதில்லை.

இனி சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். நீங்களே செய்வதானால் சமதரை, ஹேண்ட் பிரேக், கியரில் வண்டி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி. வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், கழற்றிய சக்கரத்தையும் படுத்தபடி அடியில் தள்ளிவையுங்கள். இப்போது காலிப்பரின் (டிஸ்க்கின் இரு பக்கமும் பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வி) இடுக்கு வழியாக வெளிப்பேட் தெரியும். உள்பேட் தெரியாது, ஃபோனில் டார்ச் போட்டு, கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். லைனிங் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டின் தடிமனைவிட லைனிங் மெலிந்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. உங்களுடையது மூன்று மாதப் பேட், எனவே தடிமனாகத்தான் இருக்க வேண்டும். நான் பார்க்கச் சொல்வது தடிமனை அல்ல, உள்பேடுக்கும் வெளிப்பேடுக்கும் உள்ள வித்தியாசத்தை.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வண்டி போன்றவற்றில் காலிப்பருக்கு ஒரே பிஸ்டன், அதுவும் உள்பக்கம் மட்டும். அது உள்பேடைத் தள்ளும். அந்தத் தள்ளலில் காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின்மேல் (உருண்டையான எஃகுக் கம்பிகள்) வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பின்கள் வழுக்கவில்லை என்றால் ஒரு பேட் மட்டும் உழைக்கும், இன்னொன்று சும்மா தொத்திக்கொண்டு நடுங்கும். தேய்மானம் ஒரு பக்கமாகவோ, ஆப்பு மாதிரி சரிவாகவோ இருந்தால் முதல் சந்தேகம் பின்மேல், அடுத்தது பிஸ்டன்மேல்.

இதை நான் கற்றுக்கொண்டது அசிங்கப்பட்டுத்தான். பட்டறை வைத்த மூன்றாவது வருடம், கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர், இடது முன்சக்கரத்தில் கீச் என்று வந்தார். பேட் மாற்றினேன். இருபது நாளில் திரும்ப வந்தார். பேட்தான் மட்டம் என்று வேறு கம்பெனிப் பேட் போட்டேன். மறுபடி வந்து, "சார், மூணாவது தடவை பேட் மாத்துறதா இருந்தா காரையே உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்" என்றார். என்னிடம் அப்போது ஒரு வயதான ஃபிட்டர் இருந்தார். அவர் காலிப்பரைக் கழற்றி, கீழ்ப் பின்னைக் கையால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சுத்தியலால் தட்டித் திருகி எடுத்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சுக்குக் காபி வண்டல் மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரப்பர் உறையைத் திருப்பிக் காட்டினார். கடுகளவு கிழிசல். கடற்காற்றும் மழைத்தண்ணீரும் அந்த வழியாகப் போயிருக்கிறது. "அண்ணே, பேட் என்ன பண்ணும், அதை நகர விட்டாத்தானே?" என்றார். ரப்பர் உறையும் பின்னும் சேர்ந்து ஒரு பேட் செட்டில் கால்வாசி விலைகூட வரவில்லை. முதல் பேடுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால் உங்கள் விஷயத்தில் என் ஊகம் இதுதான், ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பேட் மாற்றிய அன்று பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகி அரை மணி நேரத்தில் வண்டியை வெளியே அனுப்பியிருப்பார்கள். நடுவில் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்க மாட்டார்கள். பேடின் இரண்டு காதுகளும் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகுக் கிளிப் இருக்கும். அதற்கு அடியில் துரு ஏறி ஏறிக் கிளிப்பை மேலே தூக்கிவிடும். பேட் அங்கே சிக்கிக்கொள்ளும். கிளிப்பைக் கழற்றி, அடியிலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, முடிந்தால் புதுக் கிளிப்பே போட வேண்டும். பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும், சுத்தியலால் தட்டி ஏற்றுகிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். பேடின் முதுகில் ஒட்டும் மெல்லிய ஷிம் தகடு அதிர்வை விழுங்குவதற்காக வைத்தது. பழைய பேடோடு அதையும் குப்பையில் போட்டுவிடும் பட்டறைகள் உண்டு.

கிரீஸ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பட்டறையில் ஒரே டப்பா இருக்கும், பேரிங்குக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், காலிப்பர் பின்னுக்கும் அதுதான். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னைக் கவ்விக்கொள்ளும். ஒரு மாதம் அமைதி, அப்புறம் சத்தம் என்ற உங்கள் கதைக்கு இதுவும் பொருந்துகிறது. பின்னுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். பேடின் காதுகளிலும், முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும், அதிக சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் ஒரு தடவல், திருநீறு பூசுகிற அளவு. லைனிங் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி கூடக் கூடாது. எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால், ஆமாம், சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். எண்ணெய் ஊறிய பேடைச் சுத்தம் செய்து திரும்பப் போட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தூக்கிப் போட வேண்டியதுதான்.

லைனிங் முகம் மட்டும் மினுமினுத்திருந்தால் உப்புத்தாளைச் சமமான பலகையில் வைத்து, பேடை அதன்மேல் நாலு இழுப்பு இழுத்தால் சொரசொரப்பு திரும்பும். முகக்கவசம் போடுங்கள், தாளை ஈரமாக்கிக்கொள்ளுங்கள். காற்றுக் குழாய் வைத்துத் தூசியை ஊதும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. பழைய மட்டமான பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போகிற தூசி. பிரேக் கிளீனர் அடித்துத் துடைப்பதே சரி.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். கீச் சத்தம் மட்டும் இருந்தால் டிஸ்க்கை மாற்ற அது காரணமே இல்லை. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். டிஸ்க்கை மாற்ற மூன்று காரணங்கள் ஒத்துக்கொள்ளலாம்: தேய்ந்து குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருக்க வேண்டும், அல்லது விரிசலோ நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான பள்ளங்களோ இருக்க வேண்டும், அல்லது பிரேக் போடும்போது மிதியும் ஸ்டியரிங்கும் உதற வேண்டும். உதறல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். சர்வீஸ் சென்டருக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மைக்ரோமீட்டர்ல எவ்வளவு வந்துச்சு, டிஸ்க்ல எவ்வளவு போட்டிருக்கு?" அளந்திருந்தால் இரண்டு எண்களையும் உடனே சொல்வார்கள். நியாயமாக அளந்து குறைவாக வந்திருந்தால் எஸ்டிமேட் சரி, மாற்றுங்கள். "அம்பதாயிரம் ஓடிடுச்சு சார், மாத்திடறது நல்லது" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தடிமன் மிச்சம் இருந்து முகம் மட்டும் கெட்டிருந்தால் லேத்தில் லேசாகச் சீவி எடுக்கலாம், சீவிய பிறகும் அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலே இருக்க வேண்டும். விளிம்பில் சின்னக் கரை எழும்பியிருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். இந்த வயது டிஸ்க் எல்லாவற்றிலும் அது இருக்கும்.

இவ்வளவும் செய்தும் சத்தம் போகாத வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சில பேட் கலவையே அப்படி. உலோகத்தூள் அதிகமுள்ள பேட் நன்றாகப் பிடிக்கும், சூட்டைத் தாங்கும், ஆனால் கத்தும். அந்த நிலையில் வேறு கலவைப் பேட் போடுவதுதான் வழி. பேடின் ஓரங்களைச் சாய்வாக ராவிவிட்டால் சத்தம் நிற்கும் என்று சில மெக்கானிக்குகள் சத்தியம் செய்வார்கள். என் கையில் சில நேரம் கேட்டிருக்கிறது, சில நேரம் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பேட்தான் வேண்டும் என்றும் இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேவும் என்று பிரேக் சாமான் செய்யும் ஊரிலேயே நாம் இருக்கிறோம். எதை வாங்கினாலும் உங்கள் மாடலுக்கு உரியதை, பெட்டி பிரிக்காமல், பில்லோடு வாங்குங்கள். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கதவுக் கண்ணாடி, பம்பர் எல்லாம் தாராளமாக எடுக்கலாம். பிரேக் பேட் மட்டும் பழைய சாமானில் தேடாதீர்கள்.

பேட் மாற்றினாலோ உப்புத்தாள் போட்டாலோ அதைப் பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வெளிவட்டச் சாலைப் பக்கம், பின்னால் யாரும் இல்லாதபோது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை சீராக அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் கொஞ்ச தூரம் ஆறவிட்டு எட்டுப் பத்து முறை. பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு முன் யாரும் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தஞ்சாவூர் விஷயம். இரண்டு பக்கமும் உள்பேட், வெளிப்பேட் நான்கும் தகட்டைவிடத் தடிமனாக இருந்து, அனல் சோதனையில் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்காமல், மிதி கெட்டியாக நின்று, பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்காமல், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போய் வாருங்கள், சத்தத்தைத் திரும்பி வந்து கவனிக்கலாம். இதில் ஒன்று தவறினாலும் பேருந்திலோ ரயிலிலோ போங்கள். கிளம்புவதற்கு முன் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டால், காலிப்பரை பிரேக் ஹோஸில் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) தொங்கவிடாமல் கம்பியில் கட்டச் சொல்லுங்கள். பட்டறையை விட்டு வண்டி நகர்வதற்கு முன் மிதியை நாலைந்து முறை அழுத்தி அது கெட்டியானதைப் பாருங்கள்; பிஸ்டனைத் தள்ளியிருந்தால் முதல் மிதி காற்றில் போகும். அப்புறம் செங்கல்பட்டு தாண்டி டீக்கு நிறுத்தும் இடத்தில், சக்கரம் ஆறியதும், வீல் ஸ்பேனரை எடுத்து நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.